எஞ்சினைப் பிரிக்கச் சொல்கிறார்கள், பிரிக்கலாமா?

திருவொற்றியூர் தேரடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 2016 மாடல் சின்ன பெட்ரோல் கார், 84,000 கிலோமீட்டர் ஓடியது. பாரிமுனையில் கடையை அடைத்துவிட்டு எண்ணூர் விரைவுச் சாலை வழியாக வீட்டுக்குத் திரும்பும்போது கன்டெய்னர் வண்டிகளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார். காசிமேடு தாண்டியதும் டெம்பரேச்சர் ஊசி ஏறியது, ஏ.சி.யில் வெறும் காற்று வந்தது. "டோல்கேட் கிட்ட வந்தப்போ ஊசி தானாவே கீழ இறங்கிடுச்சு. சரியாயிடுச்சுன்னு நினைச்சு வீடு வரைக்கும் ஓட்டிட்டேன்" என்கிறார். வாசலில் நிறுத்தியதும் பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி. பதறிப்போய் இரண்டு பாட்டில் தண்ணீரை ஊற்றினார். அன்றிலிருந்து வாரத்துக்கு அரை லிட்டர் கூலண்ட் (எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம், ஷெட்டில் தண்ணீர் என்றே சொல்வோம்) குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மூன்று மெக்கானிக்கிடம் காட்டினார். ஒருவர் தெர்மோஸ்டாட்டை (சூட்டைப் பொறுத்துத் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) கழற்றி எறிந்தால் போதும் என்றார். இன்னொருவர் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகமான பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும், 35,000 ஆகும் என்றார். மூன்றாமவர் பழைய எஞ்சின் ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம் என்றார். யாரை நம்புவது என்பது அவர் கேள்வி.

கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டால் 'இவர் யோக்கியன், அவர் திருடன்' என்று பதில் சொல்ல வேண்டிவரும். என்னைக் கேட்டால் மூன்று பேருமே பொய் சொல்லாமல் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் காரில் இருப்பது ஒரு பழுது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இரண்டு இருக்கக்கூடும். முதலாவது, அன்றைக்கு எஞ்சினைச் சூடாக்கிய பழுது. இரண்டாவது, அந்தச் சூட்டினால் வந்த பழுது. தெர்மோஸ்டாட் என்றவர் முதலாவதைப் பற்றிப் பேசுகிறார், கேஸ்கெட் என்றவர் இரண்டாவதைப் பற்றி. முதலாவதைச் சரிசெய்யாமல் இரண்டாவதற்குப் பணம் செலவழித்தால் நாலே மாதத்தில் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள். ஆகவே கேட்க வேண்டியது, எஞ்சினைப் பிரிக்காமலே எதையெல்லாம் உறுதி செய்துகொள்ள முடியும் என்பதைத்தான்.

என்னைப் பற்றி ஒரு வரி. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு லாரி ஷெட்டில் நாலு வருடம் எடுபிடியாக இருந்தேன். பிறகு கொடுங்கையூரில் சொந்த ஷெட். இருபது வருடத்துக்கு மேல் கார்தான். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தவன் இல்லை. அதனால் நான் சொல்வதில் கையேட்டு அறிவு பாதி, அடிபட்டுக் கற்றது பாதி.

முதலில் அந்தச் சாலை. எண்ணூர் விரைவுச் சாலையில் சூடாகி வரும் கார்களை நான் வருடம் முழுக்கப் பார்க்கிறேன். பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்குப் போகிறது, ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் போகிறது, மீதி ஒரு பங்கைத் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், ஃபேனுக்குப் பெரிய வேலை இல்லை. துறைமுகத்து வரிசையில் நிற்கும் டிரெய்லருக்குப் பின்னால் நிற்கும்போது எதிர்க்காற்று பூஜ்யம். எஞ்சின் ஐட்லிங்கில் இருப்பதால் வாட்டர் பம்ப் மெதுவாகத்தான் சுற்றும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சர் தன் சூட்டையும் அதன்மேல் தள்ளும். போதாததற்கு முன்னால் நிற்கும் வண்டியின் புகை. அந்த நேரத்தில் உங்கள் எஞ்சினைக் காப்பாற்றுவது ஒரு சின்ன மின்விசிறியும் அதை இயக்கும் ரிலே என்ற சுவிட்சும்தான். வேகமாகப் போகும்போது தெரியாத குறையெல்லாம் அங்கே வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

அதோடு கடற்கரை. காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் வரை கரையோரமாகவே ஓடும் வண்டிகளின் ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். மேல்பாதி நன்றாக இருக்கும், கீழ்ப்பாதியில் விரலை வைத்தால் அலுமினிய இதழ்கள் வெள்ளைப் பொடியாக உதிரும். உப்புக் காற்றும் சாலைப் புழுதியும் சேர்ந்து செய்கிற வேலை. முன்பக்கம் கண்டென்சர் மறைத்திருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இதழ் போய்விட்டால் குழாய்க்குள் தண்ணீர் நிறைய இருந்தும் சூடு வெளியே போக வழி இல்லை.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரிக்கு வருகிறேன். ஊசி தானாகவே கீழே இறங்கியது என்கிறீர்கள். நெரிசல் விலகி வண்டி வேகமெடுத்து, அதனால் இறங்கியிருந்தால் நல்லது. நின்று நின்று நகரும்போதே சட்டென்று விழுந்திருந்தால் அது நல்ல செய்தி இல்லை. சென்சாரின் முனை தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் அது தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் கொதித்து வெளியேறி, சென்சார் இருக்கும் இடத்தில் வெறும் காற்றோ ஆவியோ நின்றுவிட்டால் அது சரியாகச் சொல்லாது. எஞ்சின் வறண்டு தகித்துக்கொண்டிருக்கும், ஊசி சமர்த்தாக நடுவில் நிற்கும். இதில் இன்னொரு சங்கதி, பல கார்களில் ஊசி நிஜ வெப்பத்தை அப்படியே காட்டுவதும் இல்லை. 80 டிகிரியிலிருந்து 100 வரை எங்கே இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி கம்பெனிக்காரர்களே அமைத்திருக்கிறார்கள். அது நகர ஆரம்பித்தாலே காரியம் முற்றிவிட்டது என்று பொருள். ஏ.சி.யில் வெறும் காற்று வந்ததும் ஒரு எச்சரிக்கைதான். அளவுக்கு மீறிச் சூடானால் எஞ்சினைக் கவனிக்கும் கணினியே சுமையைக் குறைக்க ஏ.சி. கம்ப்ரெஸரை நிறுத்திவிடும். ஏ.சி. கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து ஓட்டியவர்கள் எத்தனையோ பேர்.

காசிமேடு தாண்டியதிலிருந்து உங்கள் வீட்டு வாசல் வரை எத்தனை நிமிடம் ஓட்டினீர்கள் என்பதில்தான் உங்கள் எஞ்சினின் விதி இருக்கிறது. கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி ஏறத்தாழ 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் உள்ளே அது 130-ஐ ஒட்டித்தான் கொதிக்கும். குக்கர் மாதிரிதான். மூடியின் ரப்பர் இற்றுப்போய் அழுத்தம் நிற்கவில்லை என்றால் அந்த இருபது டிகிரி பாதுகாப்பு போய்விடும். சில நூறு ரூபாய்க்கு விற்கிற ஒரு மூடி எஞ்சினைக் குடித்துவிடும் என்று நான் சொன்னால் வாடிக்கையாளர்கள் சிரிக்கிறார்கள்.

கொதித்த பிறகு என்ன ஆகிறது? சிலிண்டர் ஹெட் அலுமினியம். இரும்பு விரிவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதை பிளாக்கோடு போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. தண்ணீர் இல்லாத இடத்தில் ஹெட்டின் நடுப்பகுதி ஓரங்களைவிட அதிகமாகச் சூடாகி விரியப் பார்க்கும், போல்ட் விடாது. விரிய முடியாத உலோகம் தனக்குள்ளேயே நசுங்கும். ஆறியதும் பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் லேசாக வில்லாக நிற்கும். எவ்வளவு லேசாக? பல சின்ன எஞ்சின்களுக்குக் கையேடு அனுமதிக்கும் வளைவு 0.05 மில்லிமீட்டர். தலைமுடியைவிட மெல்லிய இடைவெளி. அந்த இடைவெளியில் கேஸ்கெட்டின் பிடி தளர்ந்து, எரிபொருள் வெடிக்கும் அழுத்தம் தண்ணீர்ப் பாதைக்குள்ளும், தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் போக ஆரம்பிக்கும். தரையில் சொட்டு இல்லாமல் வாரத்துக்கு அரை லிட்டர் காணாமல் போவதற்கு இது ஒரு காரணம். ஒரு காரணம்தான்.

நீங்கள் உடனே தண்ணீர் ஊற்றியதைப் பற்றி. தகிக்கும் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது, அது கனமான இரும்பு. அலுமினிய ஹெட்டில் வால்வுகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய பாலம் திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் விடக்கூடும். உங்கள் வண்டியில் விட்டிருக்கிறதா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. நீங்கள் ரிசர்வ் டேங்கில் ஊற்றியிருந்தால் அது நேராக ஹெட்டுக்குப் போயிருக்காது என்பது ஓர் ஆறுதல். ரேடியேட்டர் வாயிலேயே ஊற்றியிருந்தால் விரிசல் சோதனையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். (சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறந்து கையும் முகமும் வெந்தவர்களை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்திருக்கிறேன். நீங்கள் தப்பித்தது பெரிய விஷயம்.)

சரி, பிரிக்காமல் எதைப் பார்க்கலாம்? இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஷெட் போட்ட புதிதில் ஒரு வாடகைக்கார் வந்தது. தண்ணீர் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை. எனக்கு அப்போது உலகத்தில் தெரிந்த ஒரே பதில் கேஸ்கெட். ஹெட்டை இறக்கினேன். கேஸ்கெட் புதிது போல் இருந்தது. உரிமையாளர் எதிரில் நின்றுகொண்டிருக்கிறார், எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. ஏதோ ஒரு கோபத்தில் முன் சீட்டின் தரை மேட்டைத் தூக்கினேன். அடியில் கார்ப்பெட் சொதசொத என்று இருந்தது. தொட்டு முகர்ந்தால் கூலண்டின் அந்த அசட்டுத் தித்திப்பு வாசனை. டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் ரேடியேட்டரில் ஊசித்துளை. சென்னையில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை, அப்படி ஒன்று இருப்பதே பலருக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் பல கார்களில் தண்ணீர் எந்நேரமும் அதற்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்தக் கூலியை நான் வாங்கவில்லை. கேஸ்கெட் செட்டுக்கான பணமும் என் தலையில்தான் விழுந்தது. அன்றிலிருந்து அழுத்தச் சோதனை போடாமல் ஸ்பானரைத் தொடுவதில்லை.

அழுத்தச் சோதனை என்பது எளிய விஷயம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாகக் கைப்பம்பும் அழுத்தம் காட்டும் முள்ளும் பொருத்திய ஒரு மூடியைப் போட்டு, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை காற்றடித்துவிட்டு கால் மணி நேரம் காத்திருப்பது. முள் அசையவில்லை என்றால் வெளிக்கசிவு இல்லை. முள் இறங்கினால் எங்கேயோ போகிறது. டார்ச் எடுத்துக்கொண்டு தேட வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினிய ரேடியேட்டரும் சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை, ஹோஸ் கிளிப், கார்ப்பெட். சூட்டில் கசியும் கூலண்ட் தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடும். பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் படிந்த கோடு ஒன்றுதான் மிஞ்சும். 'தரையில் சொட்டு இல்லை' என்பதை வைத்து உள்கசிவு என்று முடிவு கட்டக்கூடாது என்று நான் சொல்வது அதனால்தான். வெளியே எங்கும் ஈரம் இல்லாமல் முள் மட்டும் இறங்கினால், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். நாலில் ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோல் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. இது கண்ணால் காணக்கூடிய சாட்சி, மெக்கானிக்கின் வாய்ச்சொல் இல்லை.

அடுத்தது நீலத் திரவச் சோதனை. ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவம் ஊற்றி, எஞ்சினை ஓட்டி, ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அதன் வழியாக உறிஞ்சுவார்கள். எரிந்த புகையின் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். மஞ்சளானால் கேஸ்கெட்டோ விரிசலோ நிச்சயம், பிரிக்கத்தான் வேண்டும். நீலமாகவே இருந்தால் பெரும்பாலும் தப்பித்தீர்கள், ஆனால் நூற்றுக்கு நூறு இல்லை. சுமை ஏறும்போது மட்டும் திறந்துகொள்ளும் கசிவு ஐட்லிங்கில் பிடிபடாது. அப்போது அரைமணி ஓட்டிவிட்டு வந்து இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

மூன்றாவது கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பது. பெட்ரோல் எஞ்சினில் நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 1 பாருக்குள் வித்தியாசம் காட்டினால் நல்லது. பக்கத்துப் பக்கத்து இரண்டு மட்டும் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் வெந்திருக்கிறது. நாலுமே குறைந்திருந்தால்தான் மூன்றாமவர் சொன்ன திசையில் யோசிக்க வேண்டும், பிஸ்டனைச் சுற்றி அடைத்திருக்கும் ரிங்குகள் சூட்டில் விறைப்பு இழந்திருக்கலாம்.

நீங்களே பார்த்துக்கொள்ளக் கூடியதும் ஒன்று உண்டு. காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடத்துக்குள் ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடாகவில்லை, அழுத்தம் வரக் காரணமில்லை. அதற்குள் ஹோஸ் கல் மாதிரி விறைத்தால் சிலிண்டர் காற்று உள்ளே வருகிறது. ஃபேன், பெல்ட் பக்கம் கையையும் சட்டை முனையையும் கொண்டுபோகாதீர்கள். ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்ற ஆரம்பிக்கும்.

பலர் நம்பிக்கொண்டிருக்கும் சில அடையாளங்கள் அவ்வளவு உறுதியானவை இல்லை. ஆயில் மூடியின் அடியில் பால்காபி நிறத்தில் பிசுக்கு இருந்தால் உடனே கேஸ்கெட் என்பார்கள். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் மழைக்காலத்தில் வெறும் ஈரக்காற்றே அப்படிப் படியும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் வரும் ஆயிலே அந்த நிறத்தில் இருந்தால் வேறு கதை, அப்போது வண்டியை ஓட்டவே கூடாது. ரிசர்வ் டேங்கில் குமிழி வந்தாலும் அப்படித்தான். நீங்கள் தண்ணீர் ஊற்றியபோது உள்ளே மாட்டிய காற்றை யாராவது முறையாக வெளியேற்றினார்களா? இல்லையென்றால் அந்தக் காற்றே நாலைந்து நாள் குமிழி விடும், மறுபடி சூடேறவும் செய்யும். இரண்டாமவர் குமிழியைக் காட்டி 35,000 சொல்லியிருந்தால் அவர் அவசரப்பட்டுவிட்டார் என்பேன். நீலத் திரவத்தைக் காட்டிச் சொல்லியிருந்தால் அவர் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொன்னவரை நான் புரிந்துகொள்கிறேன். அம்பாசடர் காலத்தில் அது பழக்கம். என் குருநாதரே கழற்றி ஆணியில் மாட்டி வைப்பார். சென்னை வெயிலுக்கு அது எதற்கு என்பார். அந்தக் காலத்து கார்புரேட்டர் வண்டி அதைப் பொறுத்துக்கொண்டது. இன்றைய எஞ்சின் தண்ணீரின் சூட்டைப் பார்த்துத்தான் எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று கணக்குப் போடுகிறது. தெர்மோஸ்டாட் சுமார் 82-லிருந்து 88 டிகிரியில் திறக்கும் வால்வு. அது இல்லாவிட்டால் எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்துக் கணினி பெட்ரோலை அள்ளி ஊற்றும், மைலேஜ் போகும். மூடியபடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் காரைச் சூடாக்கும் என்பது உண்மை. அப்படியானால் புதிது போட வேண்டும். சந்தேகம் இருந்தால் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் கண்ணாலேயே பாருங்கள், திறக்காவிட்டால் அதுதான் குற்றவாளி. ஆனால் தெர்மோஸ்டாட் தண்ணீரைக் குடிக்காது. வாரம் அரை லிட்டர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு முதல் மெக்கானிக்கிடம் பதில் இல்லை.

யாராவது கசிவு அடைக்கும் டப்பா மருந்தை ஊற்றச் சொன்னால் வேண்டாம். லாரிக்காரர்கள் வழியில் மாட்டிக்கொண்டால் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டி ஊர் போய்ச் சேருவார்கள், நானே கொட்டியிருக்கிறேன். அது ஊர் போய்ச் சேர. ஓட்டையை அடைக்கிற எதுவும் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும்.

பழைய எஞ்சின் போடும் யோசனையைச் சோதனையெல்லாம் முடிந்தபிறகு பாருங்கள். பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையிலிருந்து வரும் எஞ்சின் எந்த வண்டியில், எப்படி ஓடியது என்பது அதைப் பிரித்தவனுக்கே தெரியாது. தவிர, உங்கள் ஆர்.சி.யில் எஞ்சின் எண் இருக்கிறது. மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாமல் ஓட்டி நாளைக்கு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். இன்ஷூரன்ஸ் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் சூடாகிக் கெட்டதற்குச் சாதாரண பாலிசியில் பணம் வராது, இயந்திரக் கோளாறை அது விலக்கி வைத்திருக்கிறது. கூடுதலாக எஞ்சின் பாதுகாப்பு என்று தனிப்பணம் கட்டியிருந்தால் அதன் விதிகளை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

சோதனையில் கேஸ்கெட்தான் என்று உறுதியானால் பிரித்துத்தான் ஆக வேண்டும். அப்போது மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது கூலியைக் குறைக்கச் சொல்லி இல்லை. ஹெட்டை இறக்கியதும் என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லுங்கள். இரும்பு நேர்ச்சட்டத்தை ஹெட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துக் காட்டச் சொல்லுங்கள். அளவை மீறியிருந்தால் லேத்தில் கொடுத்து ஃபேசிங் அடிக்க வேண்டும், அதாவது பரப்பைச் சீவிச் சமமாக்க வேண்டும், எவ்வளவு சீவலாம் என்பதற்கும் கையேட்டில் வரம்பு இருக்கிறது. அங்கேயே விரிசல் இருக்கிறதா என்றும் அழுத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த ஹெட்டில் புதுக் கேஸ்கெட்டை மட்டும் வைத்து மூடினால் அது ஆறு மாதம் தாங்கினால் பெரிது. பல எஞ்சின்களில் ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும் ரகம், மறுபடி போடக்கூடாது. உங்கள் மாடலுக்கு எப்படி என்று உதிரிபாகக் கடையிலேயே கேட்டுவிடலாம். இந்த நாலையும் சொல்வதற்குள் எதிராளியின் முகம் மாறினால் வேறு ஷெட் பாருங்கள். நல்ல மெக்கானிக்குக்கு, பக்கத்தில் நின்று பார்க்கிற வாடிக்கையாளர்மேல் கோபம் வராது, டீ சொல்லுவார்.

எனக்கு இங்கிருந்து தெரியாதவையும் உண்டு. அன்று ஆயில் எவ்வளவு சூடாகி இளகியது, பேரிங்குகள் எவ்வளவு அடிவாங்கின என்பதை எந்தச் சோதனையும் முழுசாகச் சொல்லாது. ஆயிலை மட்டும் இப்போதே மாற்றிவிடுங்கள், அது வெந்த ஆயில். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் விட்டு வெயிலில் பாருங்கள். மினுமினுப்பான உலோகத் தூள் தெரிந்தால் நான் இதுவரை சொன்ன நம்பிக்கை வார்த்தைகளைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று. நீங்கள் ஊற்றியது வீட்டு போர் தண்ணீரா என்று சொல்லவில்லை. நம் பக்கத்து போர் தண்ணீரை ரேடியேட்டருக்குக் காட்டாதீர்கள். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது 1960களின் கடைசியிலேயே கண்டறியப்பட்டது. கரையோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அந்த உப்பு அலுமினியத்தை அரிக்கும், அந்தச் சுண்ணாம்பு பக்கெட்டில் படிகிற மாதிரியே குழாய்க்குள்ளும் படியும். கலந்தே வரும் கூலண்டை வாங்கி ஊற்றுங்கள், இல்லையென்றால் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டரில் கலக்குங்கள். பச்சையோடு பச்சை, சிவப்போடு சிவப்பு என்று நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள். நிறம் கம்பெனி போடும் சாயம், ரகத்தைக் கையேடுதான் சொல்லும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆறிய எஞ்சினில் கூலண்டை மேல்கோடு வரை நிரப்பி, டேங்கில் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஏ.சி.யைப் போட்டு ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் முதல் பழுது கையோடு கிடைத்துவிட்டது, அது ஃபியூஸாகவோ ரிலேயாகவோ இருந்தால் செலவு சொற்பம். ரேடியேட்டர் மூடியைப் பழுது என்றே வைத்துக்கொண்டு புதிது வாங்குங்கள். பிறகு அழுத்தச் சோதனையும் நீலத் திரவமும் வைத்திருக்கும் ஷெட்டாகப் பார்த்து, பிரிக்கும் பேச்சே எடுக்காமல் அந்த இரண்டை மட்டும் செய்யச் சொல்லிக் கூலி கொடுங்கள். விடை வரும் வரை கடைக்கு வண்டி எடுக்காதீர்கள். தேரடியில் மெட்ரோ ஏறினால் மண்ணடியில் இறங்கி நடந்துவிடலாம், டிரெய்லருக்குப் பின்னால் நிற்கிற நேரமும் மிச்சம். சோதனையில் என்ன வந்தது என்று இங்கேயே எழுதுங்கள். கம்ப்ரெஷன் எண்கள் நாலையும் சிலிண்டர் வரிசைப்படி போட்டால் மேற்கொண்டு சொல்கிறேன்.